விருந்து நாளும் வெறும் நாளும்

முன்பெல்லாம் ஒரு வீட்டில் வடை சுடும் வாசனை தெருவுக்கு வந்தால், அடுத்த வீட்டு அம்மாள் கொல்லைச் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, "இன்றைக்கு என்ன விசேஷம்?" என்று விசாரிப்பது வழக்கம். பிள்ளையின் பிறந்த நாள், மாதப் பிறப்பு, கிருத்திகை, ஊரிலிருந்து மாப்பிள்ளை வந்திருப்பது என்று ஏதேனும் ஒரு காரணம் பதிலாக வரும். காரணம் இல்லாமல் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது என்பது கேட்டவருக்கும் தெரியும், பதில் சொன்னவருக்கும் தெரியும். இன்று அந்தக் கேள்வியை யாரும் யாரையும் கேட்பதில்லை. திங்கட்கிழமை காலையில் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும், செவ்வாய்க்கிழமை இரவில் பரோட்டாவும் சால்னாவும், புதன்கிழமை மதியம் பள்ளிக்கூடத்து டப்பாவில் நெய்ச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும், ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம் என்னும்படியாக, பஞ்சாங்கத்தில் எந்தக் குறிப்பும் இல்லாத சாதாரண நாட்களெல்லாம் நம் வீடுகளில் சத்தமில்லாமல் பண்டிகை நாட்களாகிவிட்டன.

ஆரோக்கியமான ஆகாரத்தைப் பற்றி இன்றைக்கு நடக்கிற அளவு பேச்சு எந்தக் காலத்திலும் நடந்ததில்லை. ஆனால் அந்தப் பேச்சு முழுவதும் எதையாவது புதிதாக வாங்கிச் சேர்ப்பதைப் பற்றியதாகவே இருப்பதுதான் ஆச்சரியம். ஓட்ஸ் வாங்குங்கள், சியா விதை வாங்குங்கள், ஆலிவ் எண்ணெய்க்கு மாறுங்கள் என்று ஆலோசனை சொல்கிறவர்கள் அனைவரும், ஏற்கெனவே நிரம்பி வழிகிற சமையலறை அலமாரியில் இன்னும் ஒரு டப்பாவுக்கு இடம் தேடச் சொல்கிறார்களே தவிர, அந்த அலமாரியிலிருந்து எதைக் கீழே இறக்கலாம் என்று சொல்வாரைக் காணோம். என் அபிப்பிராயத்தில் நமக்கு வேண்டியது புதிய பதார்த்தம் அல்ல, பழைய பாகுபாடு ஒன்று. நம் முன்னோர் கர்மங்களை நித்தியம் என்றும் நைமித்திகம் என்றும் வகுத்தார்கள். நாள்தோறும் தவறாமல் செய்ய வேண்டியது ஒன்று, நிமித்தம் வாய்த்தபோது மட்டும் செய்ய வேண்டியது மற்றொன்று. அடுப்பங்கரையிலும் இவை இரண்டும் தனித்தனியாக இருந்தவரையில், விருந்து விருந்தாக ருசித்தது, அன்றாடச் சாப்பாடு உடம்புக்கு இதமாக இருந்தது. வெறும் நாளின் சமையலுக்கு விருந்தின் வேஷத்தைப் போட்டுவிட்ட பிறகு, விருந்தின் ருசியும் போயிற்று, அன்றாடத்தின் இதமும் போயிற்று.

இவ்வாறு சொல்வதனால், பழைய காலத்துச் சாப்பாடெல்லாம் அமிர்தம் என்று பஜனை பாடுகிற கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கோவில்பட்டிக் கரிசலிலும், ராமநாதபுரத்துப் புன்செய்களிலும், தருமபுரி, கிருஷ்ணகிரி மேட்டு நிலங்களிலும், வானம் பார்த்துப் பயிரிட்ட குடியானவர்களுக்குக் கம்பங்கூழும் சோளச்சோறும் கேழ்வரகுக் களியுமே வருஷம் முழுவதும் ஆகாரம். நெல்லுச்சோறு என்பது பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கிடைக்கிற அபூர்வம். இட்லியும் தோசையும்கூடப் பல வீடுகளில் தீபாவளி விடியற்காலையின் பலகாரங்கள். அந்த எளிமையை அவர்கள் விரும்பித் தேர்ந்துகொள்ளவில்லை. வறுமை அதை அவர்கள் தலையில் சுமத்தியது. ஆகவே, கையில் நாலு காசு சேர்ந்ததும், 2011 முதல் ரேஷன் கடையில் அரிசி விலையில்லாமலே கிடைக்கத் தொடங்கியதும், அதே ஆண்டில் அரசாங்கமே மிக்சியும் கிரைண்டரும் கொடுக்கத் தொடங்கி மாவாட்டும் சிரமம் நீங்கியதும், ஆண்டுக்கு இரண்டு முறை கண்ட பண்டத்தை அன்றாடம் காண வேண்டும் என்று ஜனங்கள் ஆசைப்பட்டதில் எள்ளளவும் தவறில்லை. பசித்த பரம்பரையின் அந்த ஆசையைக் குறை சொல்ல, ஒரு நாளும் வயிறு காயாதவர்களுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆனால் சரீரம் இந்த நியாயங்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஆராய்ச்சியாளர்கள் நாடு முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. வயது வந்தவர்களில் நாட்டுச் சராசரி 11.4 சதவீதம் என்றால், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். இதே தமிழ்நாட்டில், 2019-21 ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரே வீட்டில், ஒரே பானைச் சோற்றை உண்டு, கணவனுக்குச் சர்க்கரை கூடுகிறது, மனைவிக்கு ரத்தம் குறைகிறது. வயிறு நிரம்பினால் போதும் என்று இருந்த காலம் போய், வயிறு நிரம்பியும் போதாத காலம் வந்திருக்கிறது.

இதன் காரணத்தை அறிவதற்கு நாம் தூர தேசத்து நிபுணர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. நூறு வருஷத்துக்கு முன்பே நம் நீலகிரி மலையில் இந்த விசாரணை நடந்திருக்கிறது. பெரிபெரி என்னும் நோயின் காரணத்தை ஆராய்வதற்காக, 1918-இல், குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், ராபர்ட் மக்காரிசன் என்ற வைத்தியர் ஆரம்பித்த சின்னஞ்சிறு ஆராய்ச்சிக்கூடம்தான், நாளடைவில் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, 1969 முதல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரோடு விளங்குகிறது. மக்காரிசன் செய்த காரியம் வேடிக்கையானது. எலிகளைப் பல கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பிரதேசத்தாருடைய அன்றாடச் சாப்பாட்டையே போட்டு வளர்த்துப் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டியும் பாலும் பருப்பும் பச்சைக் காய்கறியும் அடங்கிய சீக்கியர்களின் ஆகாரத்தைத் தின்ற எலிகள் புஷ்டியாக வளர்ந்து முதல் வரிசையில் நின்றன. வங்காளத்துச் சாப்பாட்டையும் நம் சென்னை மாகாணத்துச் சாப்பாட்டையும் தின்ற எலிகள் மெலிந்து கடைசி வரிசைக்குப் போயின. தீட்டிய அரிசியைக் கழுவிக் களைந்து வடித்து மலையாகக் குவித்துக்கொண்டு, பருப்பையும் காயையும் மோரையும் பெயரளவுக்குச் சேர்த்துக்கொண்ட நம்முடைய போஜனத்தைப் பற்றி அந்த எலிகள் எழுதிய விமரிசனத்துக்கு நாம் இன்றுவரை சரியான பதில் சொல்லவில்லை.

பெரிபெரியின் கதையிலோ, நம் பாட்டிமார்கள் அறிந்தோ அறியாமலோ செய்த ஒரு நல்ல காரியம் வெளிப்படுகிறது. ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகள் கால் வலுவிழந்து விழுவதையும், தவிடு சேர்ந்த அரிசியைப் போட்டதும் அவை எழுந்து நடப்பதையும் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டார். அதற்காக 1929-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. மக்காரிசனுக்குப் பின் குன்னூர் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைமையை ஏற்ற அய்க்ராய்ட் காலத்தில் ஒரு விஷயம் தெளிவாயிற்று: அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், தெலுங்குக் கடற்கரை ஜில்லாக்களில், பெரிபெரி வேரூன்றியிருந்தது, தெற்கே தமிழ் ஜில்லாக்களில், இங்கும் அரிசிதான் பிரதான ஆகாரம், இங்கும் மில்தான் அரைத்தது, இருந்தும் அந்த நோய் காணப்படவில்லை. அவர்கள் உண்டது பச்சரிசி, நாம் உண்டது புழுங்கலரிசி என்பதுதான் வித்தியாசம். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் தயமின் என்ற சத்து உமிக்கு உள்ளே இருக்கும் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது; அதன் பிறகு மில்லில் எவ்வளவு தீட்டினாலும், வீட்டில் எவ்வளவு களைந்தாலும், அது முழுவதும் போய்விடுவதில்லை.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சரிசியை நம்மவர்கள் அறியாதவர்கள் அல்லர். சர்க்கரைப் பொங்கலுக்கும் நோன்புக் கொழுக்கட்டைக்கும் படையலுக்கும் பச்சரிசிதான். ஆனால் பெரும்பாலான குடும்பங்களில் அது நாள்கிழமைக்கு உரியதாகவும், புழுங்கலரிசி அன்றாடத்துக்கு உரியதாகவும் இருந்தன. விருந்தின் அரிசி வேறு, வெறும் நாளின் அரிசி வேறு என்று இருந்த அந்தச் சாதாரண வழக்கமே, பல தலைமுறைகளை ஒரு கொடிய நோயினின்று காத்திருக்கிறது. இன்றைக்குப் பளபளவென்று வெளுத்த, மெல்லிய, கவர்ச்சியான அரிசி எதுவோ அதுவே கௌரவமான அரிசி என்ற எண்ணம் மேலோங்கி, கல்யாண வீட்டுச் சோற்றின் நிறம் அன்றாடச் சோற்றுக்கும் வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிக்கிறோம்.

அந்த நாளில் அரிசி களைந்த நீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்ப் பானைக்குப் போயின. மனிதர்கள் இழந்த சத்தில் ஒரு பகுதியை மாடாவது குடித்தது. இப்போது மாடும் இல்லை, பானையும் இல்லை, எல்லாம் சாக்கடைக்குத்தான். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்காய்வாளர் படிப்பை முடித்து, காந்தியடிகளின் அழைப்பை ஏற்று 1934-இல் தோன்றிய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா, கைக்குத்தல் அரிசிக்காக ஓயாமல் வாதாடியதைப் பலர் பொருளாதாரப் பைத்தியம் என்று நினைத்தார்கள். அவருக்கோ, நெல் குத்துகிற பெண்ணின் கூலியும், உண்கிறவனின் உடம்பும் ஒரே பிரச்சினையின் இரண்டு பக்கங்களாகத் தெரிந்தன. எல்லோரும் உலக்கையைத் தூக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உலக்கை பிடித்த கைகளின் வலியை அறிந்த எந்தப் பெண்ணும் அதைச் சொல்லமாட்டாள். புழுங்கலரிசியை வாங்கி, இரண்டு முறைக்கு மேல் களையாமல், அளவாக நீர் வைத்து, வடிக்காமல் பொங்குவதற்கு உலக்கையும் வேண்டாம், லக்ஷியவாதமும் வேண்டாம்.

சரி, வெறும் நாளின் சமையல் எப்படி இருக்கலாம்? ஒரு குழம்பு அல்லது ஒரு ரசம், ஒரு கூட்டு அல்லது ஒரு கீரை, அளவாகச் சோறு, கடைசியில் மோர். இதற்கு மேல் இலைக்கு வருவது எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு நிமித்தம் இருக்க வேண்டும் என்று ஒரு வீடு தீர்மானித்துக்கொண்டால், அந்த வீட்டின் பாதி வைத்தியம் முடிந்தது.

கூட்டைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். நம் சமையலில் இவ்வளவு குணம் பொருந்தியும் இவ்வளவு மரியாதை இழந்த பதார்த்தம் வேறு இல்லை. பாசிப்பருப்பைக் குழையாமல் வேகவைத்து, புடலங்காயோ சுரைக்காயோ பூசணிக்காயோ பீர்க்கங்காயோ சௌசௌவோ, அன்று சந்தையில் எது மலிந்து கிடக்கிறதோ அதை நறுக்கிப் போட்டு, கொஞ்சம் தேங்காயும் சீரகமும் ஒரு பச்சை மிளகாயும் அரைத்துவிட்டு, எல்லாம் சேர்ந்து ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஒரே ஒரு கரண்டி எண்ணெயில் கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டினால் தீர்ந்தது வேலை. பருப்பின் புரதமும் காயின் நாரும் ஒரே பாத்திரத்தில் சேருகின்றன; எண்ணெய் தாளிப்போடு நின்றுவிடுகிறது; காரம் மட்டாக இருப்பதால் குழந்தையும் கிழவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம். இவற்றைவிடப் பெரிய குணம் ஒன்று உண்டு. வறுவலை எவ்வளவு சாப்பிட்டாலும் அது சோற்றை இழுத்துக்கொண்டே போகும். ஒரு வாய் வறுவலுக்கு நாலு வாய் சோறு வேண்டியிருக்கிறது. கூட்டோ, தானே வயிற்றில் இடம் பிடித்துக்கொண்டு, யாரும் தடுக்காமலே சோற்றைக் குறைத்துவிடுகிறது. சோற்றைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து பசியோடு போராடுகிறவர்கள், சோற்றை மறந்துவிட்டு, கூட்டை இரண்டு மடங்காக்கிப் பார்த்தால் போதும்.

கீரையின் சமாசாரமும் இப்படித்தான். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை என்று வாரத்தின் ஆறு நாளுக்கு ஆறு வகை கிடைக்கிற நாட்டில், பாதிக்கு மேற்பட்ட பெண்கள் ரத்தசோகையோடு நடமாடுவது விசித்திரம். கீரையை ஆய்வதற்குப் பொறுமை இல்லை என்பது ஒரு காரணம். சாப்பிட்ட கையோடு காப்பியும் தேநீரும் குடிப்பது யாரும் கவனிக்காத மற்றொரு காரணம். காப்பி, தேநீரில் உள்ள துவர்ப்புப் பொருள், ஆகாரத்தின் இரும்புச் சத்து உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடுகிறது. ஆகையால்தான் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிகளில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவற்றைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். எலுமிச்சையும் நெல்லிக்காயும் அதற்கு நேர்மாறான உபகாரத்தைச் செய்கின்றன. கீரை கடைந்து இறக்கியபின் நாலு சொட்டு எலுமிச்சம்பழம் பிழிவதற்குச் செலவு என்ன, சிரமம் என்ன?

எளிய சமையல் என்றதும் அது மரக்கறிக்காரர்களின் விவகாரம் என்று கடற்கரையோரத்து வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மத்தியும் நெத்திலியும் போட்ட மீன்குழம்பு வெறும் நாளுக்கே உரிய சமையல்தான். அதே மீனை மசாலா பூசி எண்ணெயில் முக்கி எடுப்பது விருந்து. அவித்த முட்டை அன்றாடம். ஆட்டுக்கறி பிரியாணி நிமித்தம். எந்த ஜாதி, எந்த மதம், எந்த ஊர் என்றாலும் இந்தக் கோடு ஒவ்வொரு வீட்டிலும் எங்கோ ஓரிடத்தில் இருந்தது.

மேலே சொன்ன 2024-ஆம் வருஷத்து நெறிகள், நாளொன்றுக்கு இரண்டாயிரம் கலோரி வேண்டியவருக்குத் தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம், பருப்போ முட்டையோ மாமிசமோ 85 கிராம், எண்ணெய் முதலிய கொழுப்பு 27 கிராம் என்று வகுத்திருக்கின்றன. தானியத்தைவிடக் காய்கறி அதிகம் என்பதை வாசகர்கள் மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். நம் தட்டில் அந்த விகிதம் தலைகீழாக நிற்கிறது. தராசை வைத்துக்கொண்டு தினமும் சாப்பிட முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, வேண்டவும் வேண்டாம். ஆனால் மாதம் ஒருமுறை மளிகைக் கடைச் சீட்டைக் கையில் எடுத்துப் பார்க்க யாராலும் முடியும். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு, மேற்படி கணக்கின்படி, மாதத்துக்கு ஏறக்குறைய மூன்றரை லிட்டர் எண்ணெய் வருகிறது, அதுவும் நெய்யையும் வெண்ணெயையும் சேர்த்து. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது. அதே நாலு பேருக்கு மாதம் அறுநூறு கிராம். ஒரு கிலோ உப்புப் பொட்டலம் மாதக் கடைசிக்குள் தீர்ந்துபோகிற வீட்டில், ஊறுகாயிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் கடை மிக்சரிலும் ஒளிந்து வருகிற உப்பு இன்னும் கணக்கிலேயே ஏறவில்லை. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்குவதற்கு முன்னால் மளிகைச் சீட்டை வைத்தியரிடம் காட்டுகிற வழக்கம் ஏற்பட்டால் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அண்மைக் காலத்தில் சிறுதானியங்களுக்கு ஏற்பட்டிருக்கும் மவுசையும் இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு, பாட்டன்மார் கூழாகக் குடித்த கம்பும் கேழ்வரகும் கண்ணாடிப் பெட்டிகளில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. மிகவும் சந்தோஷம். ஆனால் அவை அங்கே எந்த ரூபத்தில் இருக்கின்றன? தினையில் நெய் ஒழுகும் பாயசம், வரகில் முந்திரி மிதக்கும் பொங்கல், கேழ்வரகில் சர்க்கரைப் பாகு தோய்ந்த பிஸ்கோத்து. வெறும் நாளின் தானியத்துக்கும் விருந்தின் பட்டாடையை உடுத்திவிட்டு, இது ஆரோக்கியம் என்று பெயர் சூட்டி, இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். தானியம் மாறியும் ஆசை மாறவில்லை.

எளிய சமையல் என்றால் சப்பென்றுதானே இருக்கும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. விருந்துச் சமையலில் நெய்யும் முந்திரியும் பட்டை லவங்கமும் சேர்ந்து சமையற்காரரின் பிழையை மறைத்துவிடும். ரசத்தில் மறைத்துக்கொள்ள இடமே இல்லை. புளியும் மிளகும் சீரகமும் தக்காளியும் தத்தம் அளவில் நின்று, நுரை கூடிவரும் அந்தத் தருணத்தில், கொதிக்க விட்டுவிடாமல் இறக்கத் தெரிய வேண்டும். அவரைக்காய்ப் பொரியலை மூடி போட்டு, தண்ணீர் தெளித்து, நிறம் மங்குவதற்குள் அடுப்பை அணைக்கத் தெரிய வேண்டும். இவையெல்லாம் கைப்பழக்கத்தில் வருகிற வித்தைகள். சமையலுக்குப் பெரியவர்கள் துணையில்லாமல் புதுக் குடித்தனம் நடத்தப் புறப்பட்ட பெண்களின் கையில், 1951-இல், எஸ். மீனாட்சி அம்மாளின் "சமைத்துப் பார்" என்ற புத்தகம் போய்ச் சேர்ந்து அவ்வளவு உபகாரம் செய்ததற்குக் காரணம், சாம்பாரையும் ரசத்தையும் கூட்டையும் போன்ற சாதாரண விஷயங்களை அவர் சாதாரணம் என்று தள்ளிவிடாமல், அளவோடும் கிரமத்தோடும் எழுதி வைத்ததுதான். இன்றைக்குக் கைப்பேசியின் திரையில் ஓடுகிற சமையல் காட்சிகளில் வெண்ணெய் உருகுகிறது, பாலாடைக்கட்டி இழைகிறது. புடலங்காய்க் கூட்டைக் காட்டினால் பார்ப்பாரில்லை போலும்.

இனி, இந்த விஷயத்தில் மற்றெல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவதைச் சொல்லிவிடுகிறேன். எளிய சமையலின் முதல் பயனாளி உண்கிறவர் அல்லர், சமைக்கிறவரே. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிஷங்களும், அப்படி ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷங்களும் செலவிடுவதாகத் தெரியவந்தது. ஈடுபடாத ஆண்களின் எண்ணிக்கையோ மிகப் பெரிது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! அலுவலகத்துக்குப் போய் வருகிற பெண்ணும் இந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டுதான் பேருந்தில் நிற்கிறாள். வாரத்தின் ஏழு நாளும் விருந்து வேண்டும் என்று ஒரு வீடு ஆசைப்படும்போது, அந்த ஆசைக்கு வட்டி கட்டுகிறவள் யார் என்று அந்த வீட்டார் ஒருபோதும் கேட்டுக்கொள்வதில்லை. காலையில், "இன்றைக்கு என்ன சமைக்கட்டும்?" என்று அவள் கேட்டால், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "ஏதாவது பண்ணேன்" என்று பதில் வருகிறது, மத்தியானம் இலையில் உட்கார்ந்ததும், "இன்னைக்கும் ரசமும் கீரையும்தானா?" என்று ஒரு கேள்வி பிறக்கிறது. அந்தக் "தானா"வுக்குப் பயந்துதான் எத்தனையோ வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறுகிறது.

சமையலில் தேர்ந்தவர்களைப் புகழும்போது நளபாகம் என்றும் பீமபாகம் என்றும் சொல்கிறோம். இருவரும் ஆண்பிள்ளைகள், இருவரும் ராஜ வம்சத்தார்; இருந்தும், அவர்களுடைய பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நம் ஆண்மக்களில் பெரும்பாலோருக்கு அரிசி களையத் தெரியாது. ஆண்டுக்கு ஒருமுறை, நண்பர்கள் கூடியிருக்கும்போது, பிரியாணி கிண்டிக் கைதட்டு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது நைமித்திகம். வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பி, யாரும் கைதட்டாத ஒரு ரசத்தை வைத்து, பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்க்கிற ஆண்தான் நித்தியத்தில் பங்கு ஏற்கிறவன். சமையல் எளிதானால்தான் அந்தப் பங்கு சாத்தியம். நாலு வகைப் பொரியலும் இரண்டு வகைப் பலகாரமும் உள்ள சமையலை ஒருவர் மற்றொருவருக்கு ஒரு வாரத்தில் கற்றுக்கொடுக்க முடியாது. ஒரு கூட்டையும் ஒரு ரசத்தையும் பத்து வயதுப் பையனுக்குக்கூட ஒரு விடுமுறையில் சொல்லிக் கொடுத்துவிடலாம்.

வீட்டுக்குள் நடக்க வேண்டிய இந்த மாறுதலுக்கு வெளியிலிருந்தும் சில உதவிகள் கிடைக்கலாம். அரசாங்கப் பள்ளிக்கூடங்களில் 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் ஆகியவற்றோடு காய்கறி சேர்ந்த சாம்பாரைக் கொடுக்கிறார்கள். ஆடம்பரம் ஒன்றும் இல்லாத அந்தச் சாப்பாட்டைக் குழந்தைகள் கூடி உட்கார்ந்து உண்கிறார்கள். உண்ணக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடமே, ஆறாம் வகுப்பிலிருந்து ஆண், பெண் பேதமின்றி, வாரத்துக்கு ஒரு பாட வேளை சமைக்கவும் கற்றுக்கொடுத்தால் என்ன? சங்கீதத்துக்கும் ஓவியத்துக்கும் ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் இதற்கு மட்டும் எங்கே ஆள் கிடைக்கும் என்று கேட்கலாம். சத்துணவுக் கூடத்தில் நாள்தோறும் நூறு பேருக்குச் சமைக்கிற அம்மாமார்களைவிடத் தகுந்த ஆசிரியர் யார் இருக்கிறார்கள்?

காய்கறி விஷயத்தில், 1999-இல் மதுரையில் ஆரம்பமான உழவர் சந்தைகள் நடுவே தரகர் இல்லாமல் விளைகிறவரையும் உண்கிறவரையும் சேர்த்துவைத்த நல்ல ஏற்பாடு. ஆனால் அவை பெரும்பாலும் காலைச் சந்தைகள். விடியற்காலையில் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு அந்தக் காய் கண்ணில் படுவதில்லை. மாலை ஆறு மணிக்கு, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், புதுப் புடலங்காய் கிடைக்குமானால், எதிர்க் கடையில் பரோட்டாவுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் சிலராவது அந்தப் பக்கம் திரும்புவார்கள். ரேஷன் கடையிலும் ஒரு திருத்தம் வேண்டும். அரிசியை விலையில்லாமலும் பாமாயிலைச் சகாய விலையிலும் கொடுத்துவிட்டு, அரிசியும் எண்ணெயும் அதிகம் சாப்பிடாதீர்கள் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதிவைப்பது, ஒரே அரசாங்கத்தின் இரண்டு இலாகாக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை என்பதைத்தான் காட்டுகிறது. நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023-இல், அட்டைக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதை விரும்பிக் கேட்கிற எந்த ஜில்லாவின் அட்டைதாரருக்கும் கொடுக்கலாம். பருப்பின் அளவைக் கூட்டி எண்ணெயின் அளவைக் குறைத்துக்கொள்ளுகிற உரிமையையும் அவரிடமே விட்டுவிடலாம். கேழ்வரகு விளைகிற கிருஷ்ணகிரி, சேலம், ஈரோடு மேட்டு நிலங்களின் குடியானவர்களுக்கு அதனால் நிச்சயமான கொள்முதல் ஒன்றும் கிடைக்கும். அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் உணவுத் துறையும் சுகாதாரத் துறையும் இந்த ஒரு விஷயத்துக்காகவாவது ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசலாம்.